சத்தம் கொடுக்காத பாட்டில்

முப்பத்தொன்பது பாட்டில்களும் ‘கிண்’ என்றன. நாற்பதாவது பாட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

கிங்ஸ்லி மறுபடியும் தட்டினான். கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, நடுவிரல் நகத்தால், அளந்து வைத்தமாதிரி ஒரே ஒரு தட்டு. நல்ல பாட்டில் என்றால் பூசையில் அடிக்கும் சின்ன மணியைப் போலச் சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ‘தொட்’ என்று செத்த சத்தம் வரும். இது இரண்டிலும் சேரவில்லை. தட்டியதே அதற்குத் தெரியாத மாதிரி இருந்தது.

பீர் யார் வேண்டுமானாலும் காய்ச்சிவிடலாம், பாட்டில் பொறுக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பான் கிங்ஸ்லி. கேட்பதற்கு ஆள் கிடைத்தால் நாள் முழுக்கச் சொல்வான். கிடைத்த ஆள் மனைவி லிண்டா ஒருத்திதான்; வெளியே சொன்னால் வாசலில் போலீஸ் வந்து நிற்கும். அக்கம்பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுகிறோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். சரக்குக் கப்பலில் பதினோரு வருடம் சமையல்காரனாக இருந்தபோது ஒரு போலந்துக்காரன் சொல்லிக்கொடுத்ததுதான் இந்தப் பீர் வேலை. மூடி போட்ட பிறகும் பீர் சும்மா இருக்காது, உள்ளே கிடந்து காற்றை உண்டாக்கும், வலுவில்லாத பாட்டில் வெடித்துக் கண்ணைக் கொண்டுபோய்விடும். வெள்ளைப் பாட்டில் ஆகாது, வெளிச்சம் பட்டுச் சரக்கு நாறிவிடும். வாயில் அரிசி அளவு சில்லு பேர்ந்திருந்தாலும் மூடி உட்காராது. ஆகவே ஒவ்வொன்றையும் தட்டி, வெயிலில் தூக்கிப் பார்த்து, மூக்கை வைத்து மோந்த பிறகுதான் எடுப்பான்.

“பாட்டிலுக்கு என்னமோ பொண்ணு பாக்குத மாதிரில்லா பாக்குதிய” என்றாள் லிண்டா. அடுக்களைப் படியில் உட்கார்ந்து தலையை ஆற்றிக்கொண்டிருந்தாள். “என்னையப் பாக்க வந்தப்ப இவ்வளவு பாக்கலையே.”

“ஒன்னையத் தட்டிப் பாக்கணும்னா தோணிச்சு? நீ கோயில்ல பாடுனதக் கேட்டதே போதும்னு ஆயிட்டு.”

அவள் சிரித்தாள். கார்த்திகை மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைக் காலை. பாளையங்கோட்டை வீட்டின் புறவாசலில் ஈரமும் வெயிலும் கலந்து கிடந்தன. கிறிஸ்துமஸ் திருப்பலியில் தனிப்பாட்டு அவளுக்குத்தான் என்று பாடல் குழுவில் முடிவாகியிருந்தது. போன மாதம் டெங்கு வந்து அவள் குரலே போய்விட்டது. ஒரு மாதம் முழுக்க வீட்டில் பாட்டு இல்லை. அந்த ஒரு மாதம் பயந்த மாதிரி அவன் நடுக்கடல் புயலில்கூடப் பயந்ததில்லை. போன வாரம்தான் குரல் திரும்பியிருந்தது. இப்போதும் முனகிக்கொண்டே படியின் விளிம்பில் ஒற்றை விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டு தட்டு, ஒரு விடுப்பு, ஒரு தட்டு. அந்தத் தாளம் அவனுக்கு மனப்பாடம்.

அவன் பேசாத பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். மேலப்பாளையத்தில் காஜா முகைதீனின் பழைய இரும்புக் கடையில் சாக்கோடு எடைக்கு வாங்கி வந்தவற்றில் ஒன்று. கனத்த அடி, தடித்த கண்ணாடி, காய்ச்சின கருப்பட்டி நிறம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பாட்டில் யாரும் வார்ப்பதில்லை. வாய் முட்டத் தண்ணீர் இருந்தது. வாயில் தக்கை அடித்து அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருந்தார்கள். கழுத்தில் வலை பின்னும் நைலான் நூலால் ஒரு பதக்கம் கட்டியிருந்தது. கறுத்துப்போன அலுமினியம், குழந்தை இயேசுவை ஏந்திய அந்தோணியார்.

அவன் அதைச் சாய்த்தான், கவிழ்த்தான். எந்தப் பாட்டிலிலும் ஒரு குமிழியாவது ஓடும். இதில் ஒன்றும் ஓடவில்லை.

“உவரி அந்தோணியார் கோயில் தீர்த்தம்லா இது” என்று லிண்டா எழுந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “பாவம், யாரு தெரியாமப் போட்டாவளோ.”

உவரிதான் கிங்ஸ்லிக்குச் சொந்த ஊர். செவ்வாய்க்கிழமைதோறும் வெளியூர்க்காரர்கள் பாட்டில் பாட்டிலாகத் தீர்த்தம் கொண்டுபோவதைப் பார்த்து வளர்ந்தவன். சந்தேகப்பட என்ன இருக்கிறது? கத்தியால் மெழுகைச் சுரண்டித் தக்கையை நெம்பினான். வெளியே வரவேண்டிய காற்று வரவில்லை. வெளிக்காற்றுதான் ‘ஸ்ஸ்’ என்று உள்ளே போனது. விரல் நுனியில் அது இழுத்ததை உணர்ந்தான்.

தீர்த்தத்தை வீணாக்கக்கூடாது. ஒரு சொட்டைத் தன் நெற்றியில் தொட்டு வைத்தான். ஒரு தம்ளரில் கொஞ்சம் ஊற்றி அவளிடம் நீட்டினான். “ஒரு மடக்கு குடி. காய்ச்சக்கார ஒடம்புக்கு நல்லது.”

அவள் வாயில் விட்டதும் முகத்தைச் சுளித்தாள். துப்பக் குனிந்தாள்.

“துப்பிராத. தீர்த்தம்லா.”

வாயை மூடிக்கொண்டு கையால் ஜாடை காட்டினாள், உப்பு என்று.

“மந்திரிச்ச உப்புப் போட்டிருப்பாவ. கண்ண மூடிட்டு முழுங்கு.”

விழுங்கினாள்.

மீதியைச் சாக்கடையில் விடலாமா? கால் படாத இடமாகப் பார்த்துக் கறிவேப்பிலை மரத்து மூட்டில் ஊற்றினான். ஊற்ற ஊற்ற வந்துகொண்டே இருந்தது. அந்தப் பாட்டில் கொள்ளுகிற அளவைவிட அதிகம் வந்ததாக அவனுக்குப் பட்டது. காலியானதும் நகத்தால் தட்டினான். ‘கிண்ண்ண்’ என்று அது அடங்கவே இல்லை. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. லிண்டா நெஞ்சில் கையை வைத்தாள்.

“இதென்ன, எனக்கு உள்ள அதிருது” என்று சிரித்தாள்.

அன்று மத்தியானமே சலவைச் சோடாவும் வெந்நீரும் போட்டு நாற்பதையும் அலசி, பீரை நிரப்பி, கைநெம்புகோலால் சோடா மூடி போட்டு, சாமான் அறைக்குள் வரிசையாக நிறுத்தினான். ஜன்னலுக்குக் கப்பலிலிருந்து கொண்டுவந்த கறுப்புத் தார்ப்பாய். நட்ட நடுப்பகலிலும் கை நீட்டினால் கை தெரியாது. இரண்டு வாரம் அந்த இருட்டில் அவை கிடக்கவேண்டும். அந்தோணியார் பாட்டிலைக் கடைசியாக வைத்தான். அவனுக்கு அதன்மேல் ஒரு ஆசை விழுந்திருந்தது. அந்த ஆசையை நினைத்துப் பிற்பாடு தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

புதன்கிழமை கறிவேப்பிலை மரம் முழுக்க உதிர்ந்துவிட்டது. மூட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. சலவைச் சோடாத் தண்ணீரை அங்கே கொட்டியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொட்டவில்லை என்று அவனுக்கே தெரியும்.

வியாழக்கிழமை வாடை வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து கடல் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இங்கே தாமிரபரணி வாடை வரலாம், மழைக்காலத்தில் வயல்சேற்று வாடை வரலாம். இது நனைந்த வடம், காயாத வலை, டீசல், கரையில் ஒதுங்கி அழுகும் பாசி. காலைக் காப்பி குடிக்கும்போதே சாமான் அறைக் கதவின் அடி இடுக்கு வழியாகத் தரையோடு தரையாக வந்தது. உவரியில் பிறந்தவன் மூக்குக்கு அது தப்புமா? அவன் கதவைத் திறந்து பார்த்தான். இருட்டும் பாட்டில்களும்தான். மூடிவிட்டு வந்தான். லிண்டா அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். பாடவில்லை. தொண்டை கனமாக இருக்கிறது என்றாள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போயிற்று. மின்விசிறியின் இரைச்சல் நின்றதும் வீட்டுக்குள் என்னென்ன சத்தங்கள் இருக்கின்றன என்பது தெரிந்தது. கடிகாரம். ஓட்டிலிருந்து சொட்டும் மழைநீர். எங்கோ ஒரு குக்கர் விசில். அப்புறம் சாமான் அறைக்குள்ளிருந்து, அளந்து வைத்தமாதிரி ஒரே ஒரு தட்டு.

டொக்.

சற்று விட்டு இன்னொன்று. டொக்.

அவன் கை சாப்பாட்டுத் தட்டில் நின்றுவிட்டது. சத்தம் ஒரு சாண் நகர்ந்திருந்தது. வரிசையில் அடுத்தது. அதற்கு அடுத்தது. அவன் எப்படித் தட்டுவானோ அதே இடைவெளி, அதே நிதானம். நிறைந்த பாட்டில் சத்தம் கொடுக்காது, டொக் என்று அமுங்கிப்போகும். தட்டுகிறவருக்கு அது தெரிந்திருந்தது. யாரோ உள்ளே இருந்துகொண்டு எது காலி என்று பார்க்கிறார்கள்.

முப்பத்தொன்பது தட்டு. நாற்பதாவது இல்லை.

கைப்பேசி விளக்கைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் பெருவிரல் அளவு ஈரம் இருந்தது. அந்தோணியார் பாட்டிலின் மூடி மட்டும் கழன்று தரையில் கிடந்தது. உள்ளே பீர் குறையவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பினவன் தன் வீட்டில் வேறு ஆள் குடியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் போனமாதிரி இருந்தது. பயத்தில் அவனுக்குத் தண்டுவடம் ஜிவ்வென்றது. கப்பலில் விழுந்து அறுவை செய்து தகடு வைத்த இடம் அது. கப்பல் வேலை போனதே அதனால்தான்.

பிறகு தட்டு வீடு முழுக்க வந்தது. குடத்தில் ஒன்று, அரிசிப் பானையில் ஒன்று, காலியான காஸ் சிலிண்டரில் ஒன்று. ஒவ்வொன்றிலும் நின்று, யோசித்து, நகர்ந்தது. வாய் அகலமான எதுவும் அதற்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. கிங்ஸ்லி நடுவீட்டில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எந்த செபமும் பாதிக்குமேல் ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் லிண்டா பாயில் தூங்கினாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் பக்கத்தில் படுத்தான். வெளியே தெருவில் மல்லிகைப் பூ விற்றுக்கொண்டு போனார்கள். ஜன்னலில் வெயில் அடித்தது. இவ்வளவு வெளிச்சத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கண்ணை மூடினான்.

நடையில் ஒரு டொக். கட்டில் காலில் ஒரு டொக்.

பிறகு அவன் முழங்காலில்.

குளிர்ந்த, ஈரமான நகம். அவனால் அசைய முடியவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. நெஞ்செலும்பில் தட்டியது. தோளில் தட்டியது. பாய்க்கு அடியிலிருந்து முதுகில், தகடு இருக்கும் இடத்தில், சரியாக அங்கே.

தொட்.

செத்த சத்தம். கீறல் உள்ள பாட்டில். குளிர் அவனை விட்டு விலகியது.

அப்பாடா என்றிருந்தது. மாதாவே, தப்பித்தேன் என்றிருந்தது. அந்த ஒரு நொடிக்காக அவன் தன்னை மன்னிக்கவே போவதில்லை. ஏனென்றால் அடுத்த நொடி, பக்கத்தில், அவள் இருக்கும் பக்கத்தில்...

கிண்ண்ண்.

அடங்கவே இல்லை.

கண் திறந்தது. லிண்டா மல்லாந்து கிடந்தாள். தூக்கத்தில், சின்னப்பிள்ளை கரண்டிக்கு வாய் திறப்பதுபோல, அவள் வாய் பைய, பையத் திறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. தொண்டை ஏறி இறங்கியது. ஒரு முறை. பத்து முறை. அதற்குமேல் அவன் எண்ணவில்லை. பிறகு வாய் மூடிக்கொண்டது.

எழுந்தபின் அவள் பேசவில்லை. உதட்டைச் சேர்த்துவைத்துச் சிரித்தாள். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் திரும்பும்போது உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது.

“லிண்டா, என்னன்னு சொல்லு. பயமா இருக்குட்டி. ஒரு வார்த்த பேசு.”

அவள் வெகுநேரம் அவனைப் பார்த்தாள். அப்புறம் “ஏங்...” என்று வாயைத் திறந்தாள்.

வார்த்தை வரவில்லை. தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், வாந்தி மாதிரி இல்லாமல், சாய்த்த பாட்டிலிலிருந்து வருவதுபோல நிதானமாக. அது வர வர அவள் முகம் வெளுத்தது, கால் துவண்டது, கண்ணில் ஆள் குறைந்தது. அவன் பாய்ந்து உள்ளங்கையால் அவள் வாயை அழுத்திப் பொத்தினான். நிறம் திரும்பி வந்தது. கையை எடுத்தான். உதட்டோரம் ஒரு சொட்டு இறங்கியது, மறுபடியும் வெளுத்தாள். பொத்தினான். அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியாது. அவன் கைக்குள் அவள் அழுதாள். கண்ணீர் மட்டும் சுடச்சுட வந்தது.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. மனப்பதட்டம் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். வாய் திறக்காதவளுக்கு மாத்திரையை எப்படிக் கொடுப்பது?

செவ்வாய்க்கிழமை காஜா முகைதீன் போன் பண்ணினார்.

“தம்பி, அன்னைக்குக் கொண்டுபோன சாக்குல, தண்ணியோட ஒரு பாட்டில் கெடந்துச்சா? அந்தோணியார் பதக்கம் கட்டி? ஒரு அம்மா கடையில வந்து உக்காந்துக்கிட்டு அழுவுது. மகன் வீடு மாத்துறப்பத் தெரியாம எடைக்குப் போட்டுட்டானாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “தண்ணியக் கொட்டலைல்லா?”

“கொட்டிட்டேன்” என்றான் கிங்ஸ்லி.

“யா அல்லாஹ். சரி, அந்த அம்மாவ அனுப்பி வைக்கேன்.”

சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உப்புக்காற்றில் கறுத்த முகம், கையில் ஒரு துணிப்பை. விக்டோரியா என்று பெயர் சொன்னாள். உவரிக்கு மேற்கே மூன்றாவது ஊர். அவன் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே இருந்த பீரை மோந்து பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். பதக்கத்தை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டாள், அதற்கப்புறம் பாட்டிலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“எங்க வீட்டுக்காரு பேரு தொம்மை. ஏழு வருசம் ஆச்சு, வள்ளத்தோட போனாரு. வள்ளம் வந்துச்சு, அவரு வரலை. சாமியாரு வெறும் பெட்டிக்குப் பூசை வச்சாரு. வெறும் பெட்டிய நான் எப்படிக் கும்பிடுவேன், சொல்லுங்க? மச்சினன் கால்ல விழுந்து, வள்ளம் கெடந்த எடத்துக்கே போனேன். அங்கன முக்கி எடுத்த தண்ணி அது. காத்துப் படக்கூடாதுன்னு தண்ணிக்குள்ள வச்சே தக்கைய அடிச்சேன். யாரும் செய்யாத காரியந்தான். நான் செஞ்சேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வீட்டுக்குக் கொண்டாந்த அன்னைக்கே உள்ள இருந்து தட்டுனாரு. வந்துட்டாருன்னு தெரிஞ்சிக்கிட்டேன்.”

மழை தூற ஆரம்பித்தது.

“எங்க ஊத்துனிய?”

“கறிவேப்பிலை மூட்டுல.”

“எல்லாத்தையுமா?”

அவன் கண் அவனை மீறிப் படுக்கையறைப் பக்கம் போயிற்று. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“அக்கா, தீர்த்தம்னு நெனச்சிட்டேன்க்கா. நாந்தான் குடிக்கச் சொன்னேன். துப்பப் போனவள நாந்தான்... கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். இப்பவே கார் பிடிக்கேன். கடல்ல எறக்கிவிட்டா போயிருவாருல்லா?”

“கடல்ல இருந்து வந்தவரு தம்பி. திரும்ப அங்க போவாரா?”

“அப்ப வெளிய வரவச்சிருவோம். வாந்தி...”

“வரும். அந்தப் புள்ளையும் சேந்து வரும். நீங்க பீரு கலக்குதவருல்லா. கலந்ததப் பிரிச்சிருக்கியளா?”

அவன் பிரித்ததில்லை. யாரும் பிரித்ததில்லை.

லிண்டா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். விரல் இடுக்கில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. மூன்று நாளில் பாதியாகியிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஒரு சொட்டு ஓடியது. அது தரையில் விழுந்ததும் அவள் கண் ஒரு தடவை சொருகித் திரும்பியது.

“பாவம், கை கடுத்துப்போயிருக்கும். எவ்வளவு நேரந்தான் பொத்திக்கிட்டு இருப்ப தாயி” என்று விக்டோரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தக் கை மெதுவானது. குரலும் மாறியது. புதுப்பெண் குரல்.

“மெலிஞ்சிட்டியளே. என்னையத் தேடுனியளா?”

லிண்டாவின் தலை ஒருமுறை ஆடியது.

அது லிண்டா ஆட்டியதில்லை. விக்டோரியாவின் தோளுக்குமேலே அவள் கண்கள் கிங்ஸ்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவை அவளுடைய கண்கள். முழுக்க முழுக்க அவளுடையவை. என்னை எப்படியாவது வெளியே எடுங்கள் என்றன. அவனால் முடிந்ததெல்லாம் அந்தக் கண்களைப் பார்ப்பதுதான்.

விக்டோரியா துணிப்பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். ஏற்றினாள்.

“அடைக்காம விட்டா ரெண்டு நாள்ல காலி ஆயிரும். அப்புறம் அவருக்கும் எடம் இல்ல, ஒங்களுக்கும் பொண்டாட்டி இல்ல.” மெழுகுவர்த்தியை அவனிடம் நீட்டினாள். “மூடி போடுத வேல ஒங்களுக்குத் தெரியும்லா.”

அவளை வாரித் தூக்கிக்கொண்டு ஓடலாம். எங்கே? தெருவில் கத்தலாம். என்னவென்று? மெழுகுவர்த்தியை அணைத்து எறியலாம். எறிந்தால் நாளை மறுநாள் அவள் காலி.

இன்னொரு சொட்டு விழுந்தது. கண் சொருகியது. இந்த முறை திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

அவன் வாங்கிக்கொண்டான்.

லிண்டா கையை எடுத்தாள். அவளாகவே எடுத்தாள். உதட்டை இறுகச் சேர்த்து, முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். முதல் சொட்டு. அவள் தோள் குலுங்கியது. ஊதி ஊதி ஆற்றினான். இரண்டாவது சொட்டு. மன்னிச்சிரு என்றான். மூன்றாவது. மன்னிச்சிரு. ஓரத்திலிருந்து ஓரம் வரை, இடுக்கு விடாமல், அவனுக்குத் தெரிந்த வேலையை, நன்றாகச் செய்தான். மெழுகு வெளுத்து இறுகியது. முகத்தில் நிறம் ஏறியது. கன்னம் பழையபடி ஆனது. மெழுகுக்குமேல் மூக்கு மட்டும் மெல்ல விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

விக்டோரியா நைலான் நூலில் பதக்கத்தைக் கோத்து அவள் கழுத்தில் கட்டினாள். குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். “ஞாயித்துக்கெழம பூசை முடிச்சி வாரேன்” என்றாள். கிங்ஸ்லியிடம் சொல்லவில்லை. “வெயில்ல வச்சிராதிய தம்பி, மெழுகு எளகிரும்” என்றதுதான் அவனிடம் சொன்னது.

ஆட்டோச் சத்தம் தெரு முனையில் தேய்ந்தது.

சாமான் அறையில் தார்ப்பாய் அப்படியே இருந்தது. இருட்டும் குளிர்ச்சியும் அங்கேதான் இருந்தன. லிண்டாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். அவள் முன்னைவிடக் கனமாக நடந்தாள். பாட்டில் வரிசை முடியும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தான். இருட்டில் அவள் கண்கள் மட்டும் கொஞ்சம் தெரிந்தன.

விரல் தானாக எழுந்தது. பழக்கம். காறை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே, நடுவிரல் நகத்தால், ஒரே ஒரு தட்டு.

ஒன்றும் கேட்கவில்லை. நிறைந்திருந்தாள்.

கையை எடுக்கப் போனான். அவள் மடியில் இரண்டு கைகளும் அசையாமல் கிடந்தன. நெஞ்சுக்கு உள்ளேயிருந்து, வெகு ஆழத்திலிருந்து, யாரோ திருப்பித் தட்டினார்கள். கனமான ஆண் விரல். ஒரே ஒரு தட்டு.

அது நின்றது. அதற்கும் கீழே, இன்னும் ஆழத்தில், இன்னொரு விரல் தட்ட ஆரம்பித்தது. மெலிந்த விரல்.

ரெண்டு தட்டு, ஒரு விடுப்பு, ஒரு தட்டு.